மரியாதைக்காகச் சாத்திய யன்னல்

அன்புள்ள தம்பிக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். கை வரவில்லை. நான் நலமாக இல்லை என்பது உனக்குத் தெரியும். உன் வீட்டு நலத்தைப் போன ஞாயிற்றுக்கிழமை நானே கண்ணால் கண்டுவிட்டேன். ஆகவே நேரே விஷயத்துக்கு வருகிறேன். கடிதம் நீளும், பொறுத்துக்கொள். நேரில் சொல்லலாம் என்றால் நாலு வசனம் சேர்ந்தாற்போல் கதைக்க எனக்கு ஏலாது. நடுவில் மூச்சிழுப்பு வந்துவிடும், நீ உடனே "சரியம்மா, பிறகு கதைப்பம்" என்று எழும்பிவிடுவாய். எழுதினால் நான் நிறுத்தி நிறுத்தி எழுதலாம், நீயும் குறுக்கே பேச முடியாது.

ஞாயிற்றுக்கிழமை என்ன நடந்தது என்று உனக்கு விளங்கவில்லை என்பது எனக்குத் தெரியும். வாடை மழை விட்ட நேரம் பார்த்து, முருங்கைக்காயும் கருவாடும் கட்டிக்கொண்டு அன்புவழிபுரத்துக்கு பஸ் ஏறி வந்தேன். மருமகள் வதனிக்கு ஏழு மாதம், களைத்துப்போய் உள்ளறையில் படுத்திருந்தாள். நீ முன்னுக்குக் கதிரை போட்டு என்னை இருத்திக் கதைத்தாய். பிள்ளை பிறந்ததும் நான் உங்களோடு வந்து இருக்க வேண்டும், தனியே கிடந்து என்ன செய்யப் போகிறீர்கள் என்று அன்பாகத்தான் கேட்டாய். கேட்டுக்கொண்டே இருந்தவன் விரலைத் தேய்க்கத் தொடங்கினாய், காலை ஆட்டினாய். பிறகு "இருங்கோம்மா, வாறன்" என்று வதனி படுத்திருந்த அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாய். யன்னல் கொண்டி விழுகிற சத்தமும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் கதவுக்குக் கீழால் சிகரெட் மணம் வந்தது. அதற்குப் பின்னால் வதனியின் இருமல் வந்தது. நீ ஏலக்காயைச் சப்பிக்கொண்டு வெளியே வந்து, ஒன்றும் நடவாததுபோலக் கதிரையில் இருந்தாய். நான் குடையை எடுத்துக்கொண்டு புறப்பட்டுவிட்டேன். சோறு வெந்துகொண்டிருந்தது. நீ பஸ் நிற்கும் இடம் வரைக்கும் பின்னால் ஓடி வந்து, தலையைக் குனிந்துகொண்டு சொன்னாய்: "ஏனம்மா கோவம்? நான் உங்களுக்கு முன்னால ஒரு நாளும் சிகரெட் பத்தினதில்லையே." அந்த ஒரு வசனத்துக்காகத்தான் இந்தக் கடிதம்.

அந்த மரியாதை உனக்கு எங்கே இருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். வெள்ளைக்காரன் கொடியை இறக்கி மூன்றாம் வருஷம் எனக்கும் உன் அப்பாவுக்கும் கலியாணம் நடந்தது. கொடியை இறக்கினானே தவிர, அவனுடைய கப்பற்படை இன்னும் திருகோணமலைத் துறைமுகத்தில்தான் நின்றது. அப்பா அங்கே எழுதுவினைஞர். கப்பல்காரர் கொடுக்கும் வட்டத் தகரப் பேணியில் அடைத்த சிகரெட் அவருக்கு அங்கேதான் பழக்கமானது. என் அப்பா, உன் அம்மப்பா, அப்போது எங்களோடு இருந்தார். விறாந்தையில் கதிரையைப் போட்டால் சாப்பாட்டுக்குத்தான் எழும்புவார். மாமனாருக்கு முன்னால் சிகரெட் பற்ற வைக்கக் கூடாது என்பது எங்கள் ஆட்களின் மரியாதை. வளவுக்குப் போனாலும் விறாந்தையிலிருந்து எல்லாம் தெரியும். அதனால் உன் அப்பா எங்கள் படுக்கையறைக்குள் வருவார். "மாமாவுக்கு மணந்துபோடும், யன்னலைச் சாத்தும்" என்பார். சாத்துவது நான்தான். அறைக்குள் அவர், நான், என் மடியில் நீ. வெளியே அம்மப்பா வருகிற போகிறவர்களிடம், "என்ர மருமோன் எனக்கு முன்னால ஒரு சுருட்டுக்கூடப் பத்தினதில்லை" என்று பெருமை அடிப்பார். உள்ளே இருந்து அதைக் கேட்டு எனக்கும் பெருமை. நீ கைக்குழந்தையில் சளியும் கணகணப்புமாய் ஓயாமல் கிடந்தாய்; பல்லு முளைக்கிறது என்று சொல்லிக்கொண்டோம். ஒரு பிள்ளைக்கு இரண்டு வருஷமாகப் பல்லு முளைக்குமா என்று கேட்க அந்த வீட்டில் ஒருவருக்கும் மூளை இருக்கவில்லை.

அம்மப்பா கண்ணை மூடிய பிறகும் அறைப் பழக்கம் போகவில்லை. விறாந்தைக் கதிரை வெறுமையாகத்தான் கிடந்தது, அங்கே இருந்து புகைத்திருக்கலாம். "ரோட்டால போற சனம் பாக்கும், பெரியாக்கள் போவினம்" என்பார். அதற்குள் வெள்ளைக்காரன் கப்பலையும் கொண்டு போய்விட்டான். அப்பாவுக்குத் துறைமுகத்திலேயே ஒரு தேயிலைக் களஞ்சியத்தில் வேலை கிடைத்தது. மலைநாட்டிலிருந்து வரும் பெட்டிகளை அடையாளம் பார்த்துக் கப்பலுக்கு ஏற்றிவிடுகிற வேலை. அந்தக் களஞ்சியத்துக்குள் ஒருவரும் சிகரெட் பற்ற வைக்கக் கூடாது. நெருப்புப் பயம் ஒரு காரணம். மற்றக் காரணத்தை அவர் சோறு தின்றுகொண்டே உனக்கு விளங்கப்படுத்தினார். "தேயிலை எண்டது பொல்லாத சாமான், தம்பி. பக்கத்தில என்ன மணம் இருந்தாலும் உள்ளுக்கு இழுத்துப்போடும். பலகைப் பெட்டி, அதுக்குள்ள ஈயத்தாள், எல்லாம் தாண்டி இழுக்கும். இஞ்சை ஒருத்தன் பத்தினால் அங்கை லண்டனில ருசி பாக்கிறவன் கண்டுபிடிச்சுப்போடுவான்." நீ வாயைப் பிளந்துகொண்டு கேட்டாய். நானும் கேட்டேன். காலையில் போனால் பின்னேரம் வரைக்கும் அந்த மனிதர் ஒரு இழுவை இழுக்கமாட்டார். அடக்கி வைத்த அத்தனையையும் வீட்டுக்கு வந்துதான் தீர்ப்பார். சட்டையைக் கழற்ற முதல் ஒன்று, தேத்தண்ணியோடு ஒன்று, பேப்பரோடு இரண்டு, படுக்க முதல் கட்டிலில் இருந்துகொண்டு இன்னும் ஒன்று. தேயிலைக்குச் செய்த மரியாதையை எனக்குச் செய்யவில்லை என்று எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அதுதான் நடந்தது.

உனக்குப் பத்து வயதாக இருக்கும்போது எனக்கு இருமல் தொடங்கியது. முதலில் கோணேசர் கோயில் ஏற்றத்தில்தான் தெரிந்தது. வெள்ளிக்கு வெள்ளி கோட்டை வாசலால் ஏறி மேலே போய்க் கும்பிட்டு வருகிறவள், பாதியில் நின்று நெஞ்சைப் பிடித்தேன். பிறகு தண்ணீர்க் குடம் தூக்கினால் இழுப்பு. பிறகு சும்மா படுத்தாலே இழுப்பு. என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் ஒரே வாயாகச் சொன்னது குசினி அடுப்புப் புகை. உன் அப்பா இரண்டு ஞாயிற்றுக்கிழமை தன் கையால் சாந்து குழைத்துக் குசினிக்குப் புகைபோக்கி கட்டினார். எழுதுவினைஞர் வேலை செய்த கை, கொப்புளம் போட்டுப் போயிற்று. நான் அந்தக் கைக்கு நல்லெண்ணெய் தடவிக்கொண்டு அழுதேன். எந்தப் புருஷன் இப்படிச் செய்வான் என்று அழுதேன். அடுப்புப் புகை அழகாக மேலே போயிற்று. அதைப் பார்த்து ரசித்துக்கொண்டு அவர் குசினி வாசலில் குந்தியிருந்து, எனக்குத் துணையாகக் கதை சொல்லிக்கொண்டு, ஒரு சிகரெட்டை வாயில் வைத்தார். அடுப்பிலிருந்து கொள்ளியை எடுத்து நீட்டியது நான்தான், தம்பி. அதை நான் மறைக்கவில்லை.

புகைபோக்கி கட்டியும் இழுப்பு விடவில்லை. அப்போது எனக்கு யார் மேலாவது பழி போட வேண்டியிருந்தது. வேலிக்கு அடுத்த பக்கம் இருந்த சுலைஹா ராத்தாவை உனக்கு நினைவிருக்கும். கிண்ணியாவிலிருந்து கலியாணம் முடித்து வந்தவ, நோன்புக் கஞ்சியை முதலில் உனக்கு அனுப்பிவிட்டுத்தான் தன் பிள்ளைகளுக்கு ஊற்றுவா. வியாழக்கிழமை பொழுதுபடும் நேரம் அவ வீட்டில் சாம்பிராணி போடுவா. ஒரு நாள் எனக்கு இழுப்பு உச்சத்தில் இருந்த நேரம் அந்த மணம் வந்தது. வேலியைப் பிடித்துக்கொண்டு நான் கத்திய கத்து, தெருவுக்கே கேட்டது. "என்னைக் கொல்லவோ புகை போடுறியள்?" என்று கேட்டேன். அன்றோடு அந்த வீட்டுச் சாம்பிராணி நின்றது. இத்தனை வருஷத்தில் பிறகு ஒரு வியாழக்கிழமைகூட அந்த மணம் எங்கள் பக்கம் வந்ததில்லை. அவவுக்கு ஒரு டொக்டரும் சொல்லவில்லை, கடிதம் எழுதவில்லை, நான் சொந்தமும் இல்லை. நான் கத்தினேன், அவ நிறுத்தினா.

இனித்தான் எனக்கு எழுதக் கஷ்டமான இடம். நீ உயர்தர வகுப்பில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்த வருஷம், அப்பா என்னைக் கண்டி ரோட்டால் பஸ் ஏற்றி, தூரத்தில் ஒரு பெரிய நெஞ்சு டொக்டரிடம் கூட்டிப் போனார். அந்த டொக்டருக்குத் தமிழ் தெரியாது. நெஞ்சிலும் முதுகிலும் குழலை வைத்துப் பார்த்துவிட்டு, அப்பாவோடு இங்கிலிஷில் கதைத்தார். கொஞ்ச நேரமல்ல, நிறைய நேரம். விரலை நீட்டி நீட்டிக் கதைத்தார். அப்பா தலையைக் குனிந்துகொண்டு "யெஸ் டொக்டர், யெஸ் டொக்டர்" என்றார். வெளியே வந்ததும், "என்னவாம்?" என்று கேட்டேன். "குசினிப் புகை கூடாதாம்" என்றார். அவ்வளவு நீளக் கதைக்கு இவ்வளவு சின்ன மொழிபெயர்ப்பா என்று எனக்குத் தோன்றியது. எங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் கொடுக்கச் சொல்லி அந்த டொக்டர் ஒரு கடிதமும் தந்திருந்தார். வீட்டுக்கு வந்ததும் அதை உன்னிடம் நீட்டி, வாசித்துத் தமிழில் சொல்லு என்றேன். அப்பா எதிர்க் கதிரையில் இருந்தார். நீ வாசித்தாய். வயது, எடை, மருந்தின் பெயர்கள், ஈரம் கூடாது, தூசி கூடாது. ஒரு இடத்தில் நின்றாய். நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தாய். அவர் பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிக்கொண்டார். பிறகு நீ கீழே இருந்த வரிக்குப் போய், "ஓய்வு எடுக்க வேணுமாம் அம்மா" என்று முடித்தாய். நான் உன்னைப் பார்த்துப் பாவப்பட்டேன். கஷ்டமான இங்கிலிஷாக்கும், பிள்ளை திணறுகிறான் என்று நினைத்தேன்.

அதற்குப் பிறகு ஒரு மூன்று கிழமை அப்பா யன்னலுக்குப் பக்கத்தில் நின்று, முகத்தை வெளியே நீட்டிக்கொண்டு புகைத்தார். எனக்குத் தைலம் தேய்த்துவிட்டார், கோழிச் சூப் வைத்துத் தந்தார். என் புருஷனுக்கு என்மேல் எவ்வளவு உருக்கம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிறகு மழை பிடித்தது, யன்னலைச் சாத்தினோம், அவர் பழையபடி கட்டிலுக்கே வந்துவிட்டார்.

போன வருஷம், அவர் செத்து வருஷம் நிறைந்த ஆட்டைத் திவசத்துக்கு ஐயருக்குக் கொடுக்க ஒரு புது வேட்டி இருக்கிறதா என்று அலுமாரியைக் கிண்டினேன். வேட்டிகளுக்கு அடியில் அந்தக் கடிதம் இருந்தது. ஆஸ்பத்திரியில் கொடுத்துவிட்டேன் என்று அவர் சொன்ன கடிதம், கொடுபடவே இல்லை. மடிப்பில் கிழிந்துபோய் இருந்தது. அவர் எடுத்து எடுத்து வாசித்திருக்க வேண்டும். அடுத்த முறை மருந்து எடுக்கப் போனபோது, புதிதாக வந்திருக்கிற பெண் டொக்டரிடம் அதை நீட்டினேன். யாழ்ப்பாணத்துப் பிள்ளை, உன்னைவிட இரண்டு வயது கூட இருக்கும். வாசித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். "இதை உங்களுக்கு ஒருத்தரும் வாசிச்சுச் சொல்லேல்லையோ அம்மா?" என்றாள். என்ர மகன் வாசிச்சவன்தான், நீ சொல்லு பிள்ளை, என்றேன். அவள் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள். இந்தப் பெண்ணின் கணவர் வீட்டுக்குள் நாள்தோறும் புகைக்கிறார். இந்தப் பெண்ணுடைய மூச்சுக் குழாய்கள் இவ்வளவு கெட்டுப்போனதற்கு அதுவே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். வீட்டுக்குள் புகைப்பதை அவர் முற்றாக நிறுத்த வேண்டும். இதை அவரிடம் நேரில் சொல்லியிருக்கிறேன். கடைசி வசனத்தைத்தான் நான் இரண்டாம் முறை சொல்லக் கேட்டேன்.

நான் சிகரெட்டைக் கையால் தொட்டதைத் தவிர வாயில் வைத்ததில்லையே, பிள்ளை, எனக்கு எப்படி என்று கேட்டேன். அவள் பொறுமையாகச் சொன்னாள். "அவர் இழுக்கிற புகை அவற்ற நெஞ்சுக்குள்ள போகுது, சரி. அவர் இழுக்காத நேரம் நுனியில எரியிற புகை ஆருக்குப் போகுது? பூட்டின அறைக்குள்ள அது எங்கை போறது? நீங்கள் மூச்சு விட்டீங்கள், அதோட உள்ளுக்குப் போச்சு. விறகுப் புகையும் கூடாதுதான். ஆனால் அது கண்ணெரிஞ்சால் எழும்பி வெளியில போவீங்கள். இதை நித்திரையிலயும் எடுத்திருக்கிறீங்கள்." மூச்சுக் குழாயின் உள்தோல் நாள்தோறும் புண்பட்டு, வீங்கி, வழி ஒடுங்கிவிடுகிறதாம், சளி தேங்கிவிடுகிறதாம், இப்போது மருந்து இழுப்பைக் குறைக்குமே தவிர, போன நெஞ்சு முழுவதும் திரும்பி வராதாம். கைக்குழந்தைகளின் நெஞ்சு சின்னது, அவர்கள் எங்களைவிடக் கெதி கெதியாக மூச்சு விடுவார்கள், அவர்களுக்கு இன்னும் மோசம் என்றாள். வயிற்றில் இருக்கிற பிள்ளைக்கும் தாயின் மூச்சுத்தானே மூச்சு என்றாள். யன்னல் திறந்தால் போதுமா என்று கேட்டேன். "போதாது அம்மா. வீட்டுக்கு வெளியில, ஆக்கள் இல்லாத இடத்தில போய்ப் பத்த வேணும். விட்டால் இன்னும் நல்லது" என்றாள்.

வீட்டுக்கு வந்து உன் அப்பாவின் படத்தைச் சுவரிலிருந்து கழற்றிக் குப்புறப் போட்டேன். செத்த மனிதரோடு சண்டை பிடிப்பதுபோலக் கொடுமை வேறில்லை. நாம்தான் கத்த வேண்டும், நாம்தான் பதிலும் சொல்ல வேண்டும். கூட இருந்தே குழி பறித்தீர்களே என்று கேட்டேன். அவர் என்னை வெறுத்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். அவருக்கு என்மேல் ஆசைதான். கொப்புளம் போட்ட கை பொய் சொல்லவில்லை. ஆனால் தெரிந்த பிறகும் கட்டிலில் இருந்து புகைத்தாரே, நான் இருமும்போது முதுகைத் தடவிவிட்டுக்கொண்டே மற்றக் கையில் சிகரெட்டை வைத்திருந்தாரே, அதை எந்த ஆசையில் சேர்ப்பது? உப்பு இல்லாத கறியை வைத்தால்கூட "என்ன கறி இது?" என்று கேட்கிறவர், என் நெஞ்சைத் தின்றுகொண்டு ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரை நான் மன்னிக்கவில்லை, தம்பி. ஆட்டைத் திவசம் செய்தேன், படைத்தேன், கும்பிட்டேன். மன்னிக்கவில்லை.

உன்னிடம் வருகிறேன். பெற்ற மனம் பித்து என்பார்கள். அந்தப் பித்தினால் உனக்காக எத்தனையோ சாட்டு யோசித்துப் பார்த்தேன். பிள்ளை தகப்பனுக்குப் பயந்திருப்பான். தகப்பனைக் காட்டிக் கொடுக்க மனம் வந்திராது. பிறகு மறந்திருப்பான். ஆனால் அந்த நேரம் நீ குழந்தைப் பிள்ளை இல்லை. உன் மேசைக்கு மேலே நுரையீரல் படத்தைக் கீறி ஒட்டி, ஒவ்வொரு குழாயின் பெயரையும் பாடமாக்கினாய். நான் தேத்தண்ணி கொண்டு வந்து வைத்துவிட்டு, பக்கத்து அறையில் இருந்து இருமுவேன். நீ உரத்துப் படிப்பாய். படத்தில் இருந்த நெஞ்சு உனக்குப் பாடம். பக்கத்து அறையில் இருந்த நெஞ்சு உனக்கு ஒன்றுமில்லை. அப்பா செத்த பிறகாவது சொல்லியிருக்கலாம். செத்த வீட்டில் வந்தவர்களுக்கு வெற்றிலைத் தட்டத்தில் சிகரெட்டும் சுருட்டும் வைத்து நீட்டினோமே, அப்போதாவது ஒரு சொல் சொல்லியிருக்கலாம். கடிதம் அகப்பட்ட பிறகு எட்டு மாதம் உன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வரும்போதெல்லாம் "மருந்து ஒழுங்கா எடுக்கிறியளோ அம்மா?" என்று மட்டும் கேட்டாய். அவர் புருஷன், நேற்று வந்தவர் என்று சொல்லி ஆறலாம். நீ என் வயிற்றுக்குள் இருந்து வந்தவன். உன்னை நினைக்கத்தான் எனக்கு அதிகம் வலிக்கிறது.

சுலைஹா ராத்தாவிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். வேலி ஓரமாக நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவ சிரித்தா. "அதுக்கென்ன புள்ள. புகை போடாட்டி அல்லாவுக்குக் கேக்காதா?" என்றா. பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "உன்ட ஊட்டு யன்னல் இடுக்கால வாற சிகரெட் புகைய நான் நெடுக கண்டிருக்கன். ஆம்புளைட விசயம், நான் என்னத்தச் சொல்ற?" என்றா. எனக்குச் சுருக்கென்றது. ஆம்பிளையின் விஷயம் என்று ஊர் முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு இருந்திருக்கிறது. அதில் முதல் ஆள் நான். வீட்டு ஆம்பிளையை வாசலுக்குப் போ என்று சொல்வதா என்று நினைத்தவள் நான். உன் கலியாணத்துக்குச் சிகரெட்டைக் கிளாசில் வட்டமாக அடுக்கித் தட்டத்தில் வைத்ததும் இந்தக் கைதான்.

இன்னும் ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நானும் உங்கள் இரண்டு பேரோடும் சேர்ந்தவள்தான். ஞாயிற்றுக்கிழமை நீ ஏலக்காய் சப்பிக்கொண்டு கதிரையில் இருந்த நேரம், வதனி தலையை முடிந்துகொண்டு அறையிலிருந்து வந்தாள். கண் சிவந்திருந்தது. "ஒரு கிழமையா இந்த இருமல் விடுதில்லை மாமி. வாடைக் குளிராக்கும்" என்றாள். நீ என்னைப் பார்த்தாய். அன்றைக்கு உன் அப்பாவை எப்படிப் பார்த்தாயோ, அதே பார்வை. நான் என்ன சொன்னேன் என்று உனக்கு நினைவிருக்கிறதா? "ஓம் பிள்ளை, குளிர்தான்" என்றேன். எட்டு மாதமாக நெஞ்சு எரிந்துகொண்டிருந்த நான், எல்லாம் தெரிந்த நான், மகனைக் காப்பாற்ற வேண்டும் என்றதும் ஒரு நொடியில் அந்த வரியை விழுங்கிவிட்டேன். தம்பலகாமத்தில் வயல்காற்றில் வளர்ந்த பிள்ளை அவள். என்னை நம்பித் தலையை ஆட்டிவிட்டு, எனக்காகச் சோறு பார்க்கப் போனாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் என்னால் இருக்க முடியவில்லை. நான் கோபித்துக்கொண்டு போகவில்லை, வெட்கப்பட்டுப் போனேன்.

ஆகவே இதைக் கேள். எனக்கு முன்னால் புகைக்காமல் இருப்பது எனக்குச் செய்யும் மரியாதை என்று இனி நினைக்காதே. நீ என் கண்ணுக்கு மறைத்ததெல்லாம் அவளுடைய மூச்சுக்குள்தான் போகிறது. எனக்கு அந்த மரியாதை வேண்டாம். புகைக்காமல் இருக்க முடியாவிட்டால் என்னைத் தாண்டி, வாசலைத் தாண்டி, ரோட்டுக்குப் போய் எல்லாரும் பார்க்கப் புகை. பெரியவர்கள் பார்த்தால் பார்க்கட்டும், உன்னை வளர்த்த விதம் சரியில்லை என்று என்னைப் பேசட்டும். விட்டுவிட்டால் உன் காலில் விழுந்து கும்பிடுவேன். ஆனால் அது உன் பாடு. வீட்டுக்குள் ஒன்றுகூடக் கூடாது என்பது மட்டும் உன் பாடு இல்லை. பிள்ளை பிறந்ததும் நான் வந்து இருக்க வேண்டும் என்று கேட்டாய். அந்த வீட்டில் சிகரெட் மணம் இருக்குமட்டும் வரமாட்டேன். என் நெஞ்சுக்குப் பயந்து சொல்லவில்லை, அது எப்படியும் போன நெஞ்சு. பேரப்பிள்ளை சளியில் கணகணக்கும்போது பல்லு முளைக்கிறது என்று யாராவது சொல்வார்கள். மறுபடியும் அதற்கு ஓம் போட என்னால் ஏலாது.

இந்தக் கடிதம் உனக்குத்தான். ஆனால் உறையில் வதனியின் பெயரை எழுதியிருக்கிறேன், உறையையும் ஒட்டவில்லை. தபாலில் போடவும் இல்லை. ராத்தாவின் மகள் அந்தப் பக்கம் வருகிறாள், பகலில், நீ வேலைக்குப் போயிருக்கும் நேரம், வதனியின் கையிலேயே கொடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீ இந்த வரிக்கு வரும்போது, அவள் ஒரு வரியும் விடாமல் எல்லாவற்றையும் வாசித்து முடித்திருப்பாள்.

அம்மா